பல்கலைக்கழகம் ஒரு கறிக்கடை நடத்தட்டும்

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில், சென்னை எழும்பூர் நிலையத்தில் ஏறக்குறைய 2,000 கிலோ இறைச்சி பெட்டி பெட்டியாக இறங்கியது. உரித்த உடல்களில் ஒட்டியிருந்த வால் நம்மூர் ஆட்டு வாலைவிட நீளம். அது போதாதா? நாய்க்கறி என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிவிட்டது. அடுத்த சில நாட்களுக்குப் பிரியாணிக் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். கடைசியில் மாதிரிகள் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயின. சோதித்துப் பார்த்துவிட்டு, ஆட்டிறைச்சிதான் என்றார்கள். நாய்க்கறிப் பேச்சு அடங்கியது. அது அடங்கியதோடு, அந்தக் கறி எத்தனை நாள் பயணம் செய்தது, போதிய குளிர்ச்சியில் வந்ததா என்ற கேள்வியும் சேர்ந்தே அடங்கிப்போனது. உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

இந்தச் சம்பவத்தில் எனக்கு உறுத்துவது, அந்தக் கல்லூரி அடங்கிய பல்கலைக்கழகம் எப்போது உள்ளே வந்தது என்பது. எல்லாம் முடிந்த பிறகு, பிரேதப் பரிசோதனைக்கு வரும் டாக்டரைப் போல வந்தது. 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்குப்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவம் உண்பவர்கள். அதே தமிழ்நாட்டில் 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 1989இலிருந்து கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அறுப்பது, உரிப்பது, சோதிப்பது, பதப்படுத்துவது எல்லாம் அங்கே பாடம். ஆனால் அந்தப் பாடம் படித்தவரை ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசையில் நிற்கும் நாம் ஒருநாளும் சந்திப்பதில்லை.

மாணவர்கள் நடத்தும் பல்கலைக்கழகக் கறிக்கடை ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் பக்கம் வர வேண்டும் என்பது என் கட்சி. சேலத்து ஆத்தூரைச் சொல்லவில்லை. செம்பட்டி, சித்தையன்கோட்டை, அய்யம்பாளையம், சின்னாளப்பட்டி சூழ்ந்த, காமராஜர் அணை இருக்கும் ஆத்தூரைச் சொல்கிறேன்.

இது கேட்பதற்கு விசித்திரமாக இருக்கலாம். அமெரிக்காவில் சாதாரணம். 1862இல் மோரில் சட்டம் மூலம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, உழவும் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரிகளை அங்கே உண்டாக்கினார்கள். அப்படி வந்த பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று இறைச்சிக்கூடம் உண்டு, அதையொட்டிக் கடையும் உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ், பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட், இண்டியானாவின் பர்டூ, ஐடஹோ என்று வரிசையாகச் சொல்லலாம். வளாகத்துப் பண்ணையில் வளர்ந்த மாடும் பன்றியும் செம்மறியும் வளாகத்திலேயே அறுக்கப்படுகின்றன. வெட்டுவது, எடை போடுவது, பொட்டலம் கட்டுவது, கல்லாவில் நிற்பது எல்லாவற்றிலும் சம்பளம் வாங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அரசு ஆய்வாளரின் முத்திரை இல்லாமல் ஒரு துண்டு வெளியே போகாது. அந்த முத்திரைக்கும் ஒரு கதை உண்டு. 1906இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல், சிகாகோ இறைச்சி ஆலைகளின் அழுக்கைச் சந்திக்கு இழுத்தது. அதே ஆண்டில் இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. உரித்த உடலைப் பார்த்துத் தரம் சொல்வதற்கு அங்கே கல்லூரிகளுக்கிடையே போட்டியே நடக்கிறது. நம் ஊரில் கபடிக்கு இருப்பது போல அதற்குக் கல்லூரி அணி!

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பவர்கள் பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூர் வரை போனால் போதும். ஊருக்கு ஓரத்தில் மண்ணுத்தி. கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அங்கே இருக்கிறது. அதன் இறைச்சித் தொழில்நுட்பப் பிரிவு பாடமும் நடத்துகிறது, பொதுமக்களுக்குக் கறியும் விற்கிறது. பயிற்சிக்கூடமும் விற்பனைக்கூடமும் ஒரே இடத்தில் இருப்பதை அங்கே யாரும் கேவலமாக நினைக்கவில்லை. வேப்பேரி வளாகத்திலும் மாணவர்கள் கற்கும் இறைச்சிப் பொருட்கள் விற்பனைக்கு வருவதுண்டு. ஆக, தமிழ்நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதில்லை. சென்னையைத் தாண்டி, ஆடு மேயும் ஊருக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

ஆத்தூர் ஏன்? சுற்றியிருப்பதை எண்ணிப் பாருங்கள். 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கிய தலப்பாக்கட்டிக் கடைக்குப் பிறகு இந்த ஊர்ப் பெயரே சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் மணக்கும் பெயராகிவிட்டது. வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் விடிவதற்கு முன்பே ஆடுகள் கை மாறுகின்றன. திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் தோல் தொழில் தலைமுறைகளாக இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் ஒன்று திண்டுக்கல்லில் இயங்குகிறது. சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமம். அங்கே நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதற்குள் வேளாண்மையும் கால்நடை அறிவியலும் சொல்லித்தரும் பள்ளி, 1989இலிருந்து வேளாண் அறிவியல் மையம். ஆடு, சந்தை, சமையல், தோல், படிப்பு, இத்தனையும் இருபது முப்பது மைல் வட்டத்துக்குள் கிடக்கின்றன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது.

இனி கறிக்கு வருவோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாம் கடையில் என்ன பார்க்கிறோம்? கொக்கியில் தொங்கும் உரித்த ஆடு. வெள்ளாடுதான் என்று காட்ட வாலை விட்டுவைத்திருப்பார்கள். கிடாய்தான் என்று காட்ட விதையையும் விட்டுவைத்திருப்பார்கள். 'தொடையில போடுங்க', 'கொழுப்ப ஒதுக்குங்க', 'சுவரொட்டி இருக்கா பாய்?' என்று கேட்கிறோம். புளியமரக் கட்டையில் கத்தி விழுகிறது. கண்முன் வெட்டியது, கைக்குச் சூடு தட்டுகிறது, அதனால் நல்ல கறி. இந்த நம்பிக்கையில் பாதி சரி.

ஆடு செத்தவுடன் அதன் சதை சாவதில்லை. தசையில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைப் பொருள் மெல்ல அமிலமாக மாறுகிறது. ஏறக்குறைய 7 ஆக இருந்த பிஹெச் அளவு ஒரு நாளுக்குள் 5.6, 5.8 என்று இறங்குகிறது. இடையில் சதை விறைக்கிறது. அறுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், விறைப்பு ஏறும் முன்பே குழம்பில் போட்டால் மென்மையாக இருக்கும். நம் பாட்டிகள் சூட்டோடு சூடாகச் சமைத்தது அதனால்தான் பலித்தது. விறைப்பு ஏறிய நேரத்தில், அதாவது காலையில் அறுத்த கறியை மத்தியானமோ சாயங்காலமோ வாங்கிச் சமைத்தால், குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் ரப்பர்தான். அதே கறி சரியான குளிரில் ஒரு நாள் இருந்தால், சதையில் உள்ள நொதிகளே அதை நெகிழ்த்திவிடும். ஆனால் அவசரப்பட்டு, விறைப்பு வருமுன் கடுங்குளிரில் வைத்தால் சதை சுருங்கி இன்னும் கெட்டிப்படும். கறி வாங்கி வந்தவுடன் ஃபிரீஸரில் திணிக்கும் வீடுகள் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

இதைவிட முக்கியமானது, ஆடு சாகும் முன் எப்படி இருந்தது என்பது. சந்தையில் கத்தி, மினி லாரியில் நெரிபட்டு, தண்ணீர் இல்லாமல் இரவெல்லாம் நின்ற ஆட்டின் சதையில் அந்தச் சர்க்கரைப் பொருள் தீர்ந்துபோயிருக்கும். வெள்ளாடு வேறு சட்டென்று மிரளும் ஜாதி. அப்படிப்பட்ட ஆட்டின் கறி கறுத்து, வறண்டு, அமிலம் போதாமல் சீக்கிரம் கெடும். ஆகவே, கறியின் தரம் கட்டையில் முடிவாவதில்லை. முந்தைய நாள் ராத்திரி கொட்டகையில் முடிவாகிறது. டூவீலரின் பின்னால் கால் கட்டிக் கிடத்திக் கொண்டுபோகும் ஆட்டைப் பார்க்கும்போது இரக்கம் வராதவருக்குக்கூட, சாப்பாட்டு ருசிக்காகவாவது கோபம் வர வேண்டும்.

விதிகள் எல்லாம் எழுதித்தான் இருக்கின்றன. இறைச்சிக் கூடங்களுக்கான 2001ஆம் ஆண்டு விதிகள் சினை ஆட்டை அறுக்கக் கூடாது என்கின்றன. மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும், அப்படிப்பட்ட குட்டி உள்ள தாயையும் அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் பார்த்துத் தகுதிச் சான்று தராமல் எதையும் அறுக்கக் கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12 உருப்படி, நாளைக்கு 96 உருப்படிக்கு மேல் பார்க்கக் கூடாது என்றுகூடக் கணக்கு போட்டிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இலிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் நகராட்சி முத்திரை குத்திய கறிதான் கறி என்று கேட்டு வாங்கிய தலைமுறையும் நம்மிடம் இருந்தது. இன்று செம்பட்டியிலோ சித்தையன்கோட்டையிலோ மட்டுமில்லை, தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊரிலும் சாலையோரப் புளியமரத்தடிக்கு மருத்துவர் வந்து ஆட்டைப் பார்ப்பதை யார் கண்டது? கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் கொண்டுபோய் அறுக்கக் கூடம் இல்லை. கூடம் இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில் மருத்துவர் இல்லை.

இங்கேதான் மாணவர் கடையின் கணக்கு எனக்குப் பிடிக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு ஆறு ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 12 என்ற விதிப்படி ஆறு ஆட்டைச் சோதிக்க அரை மணி நேரம். அறுத்த பிறகு ஈரல், நுரையீரல், குடல், நிணநீர்க் கணுக்கள் ஒவ்வொன்றாகக் கீறிப் பார்க்க இன்னும் கொஞ்ச நேரம். இதில் மாணவர் கையில் அகப்படும் ஒரு பொருளை மட்டும் சொல்கிறேன். ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ சில சமயம் நீர் நிறைந்த கட்டி இருக்கும். ஊர்ப்பக்கம் 'கெட்ட ஈரல்' என்று அதை வெட்டித் தெருநாய்க்கு வீசுவார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் இளம்பருவம். அது நாயின் வயிற்றில் வளர்ந்து, நாயின் மலத்தில் முட்டையாக வெளியேறி, புல்வழியே மறுபடி ஆட்டுக்கும், கை வழியே பிள்ளைகளுக்கும் போகும். நாய்க்கு வீசாமல் ஆழப் புதைத்தாலோ எரித்தாலோ அந்தச் சங்கிலி அறும். இதைப் புத்தகத்தில் படித்த மாணவர் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குவார். தன் கடையில், தன் கையால் எடுத்துப் போட்டவர் எந்த ஊருக்கு மருத்துவராகப் போனாலும் அந்த ஊர்க் கறிக்கடைக்காரரிடம் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை ஆண்டுப் படிப்பு. தொழில்முனைவு என்று அதிலும் ஒரு பயிற்சி சேர்த்திருக்கிறார்கள். வேளாண் படிப்புகளுக்கு 2015இல் 'ஸ்டூடன்ட் ரெடி' என்றொரு திட்டமே வந்தது. இவற்றில் பலவற்றை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஒரு பருவம் கோழி வளர்த்து, விற்று, அறிக்கை எழுதி, கோப்பைக் கட்டிவைப்பதில் மாணவருக்கு நஷ்ட பயம் கிடையாது; மறுவாரம் திரும்பி வந்து திட்டப்போகும் வாடிக்கையாளரும் கிடையாது. கடை என்றால் இரண்டும் உண்டு. 'போன வாரம் குடுத்த கறி வேகவே இல்ல தம்பி' என்று ஓர் அம்மா கல்லா முன் வந்து நின்றால், எந்த ஆடு, எப்போது அறுத்தது, எத்தனை மணி நேரம் குளிரில் இருந்தது என்று ஏட்டைப் புரட்டித்தான் பதில் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் கேட்கும் வாய்மொழித் தேர்வைவிட அது கடினம்.

ஆடு வளர்ப்பவருக்கு என்ன லாபம் என்பது அடுத்த கேள்வி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடு, 45 லட்சம் செம்மறி. 2011இல் அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு என்று விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, நிலமே இல்லாத வீடுகளிலும் ஆடு கட்டியிருக்கிறது. அந்த ஆடு எப்படி விலைபோகிறது? தரகர் முதுகெலும்பில் கை வைத்து அழுத்துவார், இடுப்பைத் தூக்கிப் பார்ப்பார், துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் நடக்கும். கண்மதிப்பில் தேர்ந்தவர் வாங்குபவர். விற்கும் பெண்ணுக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத் தேதி மட்டும் தெரியும். இந்தப் பேரத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழகக் கடை ஆட்டைத் தராசில் நிறுத்தி உயிர் எடைக்கு வாங்கட்டும். 20 கிலோ ஆட்டில் ஒன்பது, பத்துக் கிலோதான் உரித்த உடலாகத் தேறும். அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி வெளியே தொங்கவிடட்டும். குடல், தலை, கால், ரத்தம், தோல் என்று நம் ஊரில் எதுவும் வீண் போவதில்லை என்பதால், ஒவ்வொன்றின் விலையும் அதில் இருக்கட்டும். 800, 900 ரூபாய் கொடுத்து ஒரு கிலோ வாங்குபவருக்கும், ஆட்டை விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு வீடு திரும்புபவருக்கும் நடுவில் எவ்வளவு எங்கே போகிறது என்று முதல் முறையாக ஊருக்குத் தெரியவரும்.

ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமாகவும் இருக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பத்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, பொதுவில் அறுத்து, இலைமேல் கூறு போட்டுப் பங்கு பிரிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. எந்த வீட்டு ஆடு, என்ன தின்றது, என்ன விலைக்கு வந்தது எல்லாம் பங்குக்காரர் எல்லோருக்கும் தெரியும். எலும்பும் ஈரலும் தொடையும் ஒவ்வொரு கூறிலும் சமமாக விழும். மாணவர் கடை இந்த வழக்கத்தை முன்பதிவாக மாற்றிக்கொள்ளலாம். பத்துப் பேர் பணம் கட்டினால் ஓர் ஆடு என்று போனால் மிச்சம் விழாது, குளிர்பெட்டிச் செலவும் பாதியாகும். இன ஆட்டையும் இப்படியே விற்கலாம். கன்னி, கொடி, சேலம் கருப்பு என்று வெள்ளாட்டிலும், வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைக்கட்டி கருப்பு என்று செம்மறியிலும் நமக்கென்று இனங்கள் இருக்கின்றன. கடையில் எல்லாமே வெறும் 'மட்டன்' ஆகிவிடுகிறது. இனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்க ஆளிருந்தால்தான் அந்த இனத்தை வளர்க்க ஆளிருக்கும்.

காந்திகிராமத்தை இழுத்துவிட்டாயே, காந்தி பெயரில் கறிக்கடையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 'சத்திய சோதனை'யில், இளமையில் நண்பனின் பேச்சைக் கேட்டு ரகசியமாக ஆட்டுக்கறி தின்ற கதையையும், அதன்பின் பட்ட வேதனையையும் எழுதியவர் அவர். அவர் பெயரிலுள்ள வளாகத்துக்குள் கத்தியைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே காந்திதான் செத்த மாட்டின் தோலை உரிப்பதும் பதனிடுவதும் இழிதொழில் இல்லை, படித்தவர்கள் கற்க வேண்டிய கிராமக் கைத்தொழில் என்று வாதாடினார். வார்தா பக்கத்தில் நால்வாடியில் அதற்கென்றே பதனிடும் கூடம் நடந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூட்டி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் கணக்கும் அறிவியலும் வரலாறும் சொல்லித்தர வேண்டும், மாணவர் செய்த பொருள் விற்று அந்தப் பள்ளி நடக்க வேண்டும் என்றார். ஆதாரக் கல்வி என்று அதைச் சொன்னோம். 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியது அந்தக் கல்வியை நம்பித்தான். 1956இல் கிராமியக் கல்வி நிலையமாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. நாடெங்கும் பள்ளிகளில் தக்ளியும் ராட்டையும் சடங்காகி ஓய்ந்தன. ஆனால் மாணவர் கையால் செய்த பொருளைப் பணம் கொடுத்து ஒருவர் வாங்கிப்போக வேண்டும் என்ற அந்தச் சிந்தனையைப் பென் ஸ்டேட்டின் இறைச்சிக்கூடம் காந்தி பெயர் சொல்லாமலே நடத்திக்கொண்டிருக்கிறது.

கத்தியையும் கட்டையையும் கால்நடைப் பல்கலைக்கழக மையம் வைத்துக்கொள்ளட்டும். ஆடு வளர்ப்போர் குழுக்களைச் சேர்ப்பது, வரவு செலவு, சந்தை ஆய்வு, கழிவை உரமாக்குவது ஆகியவற்றைக் காந்திகிராம மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்வது தமிழ்நாட்டில் எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

கழிவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். காமராஜர் அணை திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தருவது. தோல் தொழிலால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. எனவே ரத்தமும் இரைப்பைச் சாணமும் எங்கே போகின்றன என்பதற்கு விடை வரைந்த பிறகுதான் கடைக்கு அடிக்கல் நாட்ட வேண்டும். ரத்தம் உலர்த்தினால் உரம். சாணம் எரிவாயுவுக்கும் மட்குக்கும் போகும். தோலில் இன்னொரு பாடம் இருக்கிறது. அவசரமாக உரிக்கையில் கத்தி பட்டுக் கீறல் விழுந்தால், தோலின் விலை இறங்கிவிடும். கத்தி இல்லாமல் முஷ்டியால் தோலைப் பிரித்தெடுக்கும் பழைய கைகாரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேகம்பூர் வியாபாரியிடம் கேட்டால் எந்த ஊர்த் தோல் சுத்தமாக வருகிறது என்று பெயர் சொல்வார்.

இனி, எனக்குள்ள பயங்கள். முதலாவது, மாணவர்கள் இலவசக் கூலிகளாகிவிடும் பயம். இதை 1937இலேயே, வார்தா மாநாடு அமைத்த ஜாகிர் உசேன் குழு கண்டுகொண்டது. உற்பத்தி வெறியில் கல்வி பின்னுக்குப் போய்விடக் கூடாது என்று தன் அறிக்கையில் எச்சரித்தது. ஆகையால் கடையில் நிற்கும் மணிக்குச் சம்பளம் உண்டு, தேர்வு வாரத்தில் கடை அடைப்பு உண்டு என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, ஏசி போட்ட கண்ணாடிக் கூண்டாக ஆகி, வசதிக்காரர்கள் காரில் வந்து வாங்கும் இடமாகிவிடும் பயம். சின்னாளப்பட்டி நெசவாளி கால் கிலோ வாங்க வந்தால் முகம் சுளிக்காத கடையாக இருக்க வேண்டும். கால் கிலோவில் எலும்பும் கொழுப்பும் எவ்வளவு என்பதையும் எழுதி ஒட்ட வேண்டும். லாபம் வராது என்ற பயம் எனக்கு இல்லை. முதல் சில ஆண்டுகள் நஷ்டம்தான் வரும். வேதியியல் ஆய்வகம் லாபம் தந்ததா என்று எந்தப் பதிவாளரும் கேட்டதில்லை. இதையும் அந்தக் கணக்குத் தலைப்பில் எழுதலாம்.

மூன்றாவது பயம்தான் பெரியது. பல்கலைக்கழகம் கடை வைத்தவுடன், வெள்ளைக் கோட்டு போட்டவர் விற்பது சுத்தமான கறி, கைலி கட்டியவர் விற்பது அசுத்தக் கறி என்று ஊர் பேச ஆரம்பிக்கும். அதில் சாதியும் மதமும் ஒட்டிக்கொள்ள எத்தனை நாளாகும்? கறி வெட்டுவதை இழிவாகவும், வெட்டிய கறியை விருந்தாகவும் வைத்திருக்கும் சமூகம் இது. கோபக்காரரைத் திட்ட 'கசாப்புக்காரன்' என்போம். பண்டிகைக்கு முதல் நாள் அவர் கடை வாசலில் காத்துக் கிடப்போம். இந்தத் தொழிலைத் தலைமுறையாகச் செய்துவந்த இஸ்லாமியரும் மற்ற சமூகத்தாரும் சேர்த்துவைத்திருக்கும் கையறிவு எந்தப் பாடநூலிலும் முழுதாக இல்லை. மூட்டு எங்கே பிரியும் என்பது அவர்கள் கத்திக்குத் தெரியும். எலும்பு நொறுங்காமல், சில்லு சதையில் தெறிக்காமல் வெட்டுவார்கள். ஆட்டை நிறுத்திப் பார்த்தே எத்தனை கிலோ தேறும் என்று சொல்வார்கள். மாணவர்களிடம் இல்லாதது இது. பதிலுக்கு அவர்களிடம் இல்லாத வெப்பமானியும், நுண்ணுயிர் அறிவும், பரிசோதனைக் கண்ணும் மாணவர்களிடம் இருக்கின்றன.

அதனால் கடைக்கு என்று முதலில் நியமிக்க வேண்டிய ஆள் ஒரு கறிக்கடைக்காரர். ஆத்தூரிலோ செம்பட்டியிலோ முப்பது வருடம் கட்டை முன் நின்ற ஒருவர். பட்டம் கேட்கக் கூடாது. கூலி ஆளாகவும் வைக்கக் கூடாது. பயிற்றுநர் என்ற பதவிப் பெயரும், மாதச் சம்பளமும், மாணவர் மதிப்பெண்ணில் ஒரு பங்கைத் தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். பல்கலைக்கழக விதிகளில் இதற்கு இடமில்லை என்று ஒரு கோப்பு திரும்பி வரும். கடைக்கான இடத்தையும் குளிர்பெட்டியையும் தேடுவதற்கு முன்னால் அந்த விதியைத் திருத்தும் வேலையைத் தொடங்கலாம்.